உடலுழைப்பின் பதிவும் அதனைத் தேடும் கருவியும்: ஊவாத் தோட்டங்களின் செக்ரோலை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பெருந்தோட்டத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களிற் பல திசைகளிற் சென்றுள்ளன. குடிப்பெயர்வு, கங்காணி முறை, குடியுரிமைச் சட்டங்கள், தொழிற்சங்க இயக்கம், நாட்டார் பாடல்கள் என்பன அவற்றுட் சில. இவ்வாய்வுகள் பலவற்றுக்கும் மூலச்சான்றாக விளங்குவது செக்ரோல் எனத் தோட்டத்தில் வழங்கும் வரவுப் பதிவேடாகும். ஒரு மனித உடல் ஒரு நாளில் ஆற்றிய உழைப்பை ஒரு சிறு கட்டத்துள் ஓர் எண்ணாகவோ குறியாகவோ அடக்கும் முயற்சி அது. அம்முயற்சியில் எது அடங்கிற்று, எது அடங்காது போயிற்று என்பதைத் தனியே ஆராய்தல் பயனுடையது.

இதே முயற்சி இன்று வேறொரு வடிவில் உலகெங்கும் நிகழ்கின்றது. உடற்பயிற்சி செய்வோர் தாம் ஓடிய தூரத்தையும் தூக்கிய எடையையும் கைப்பேசியிற் பதிந்து வருகின்றனர். அண்மைக்காலத்தில், இப்பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று தானே தேடி எடுத்து விடை கூறத்தக்க கருவிகளும் அமைக்கப்படுகின்றன. அத்தகைய கருவியுடன் இணைக்கப்படும் விளக்கக்குறிப்பு எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். நாள் முழுதும் கூடை சுமந்து மலையேறும் ஒருவரிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் பதிவேட்டின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே: நாள், வேலையின் வகை, அளவு. உடற்பயிற்சிப் பதிவுகளுக்கு நேரக்கூடிய குழப்பங்களை எல்லாம் பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை மலைகளின் செக்ரோல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டுவிட்டது. அவ்வனுபவம் புதிய கருவியை அமைப்போருக்கும் உதவத்தக்கதாகும்.

முதலில் கருவி இயங்கும் முறையைச் சுருக்கமாக நோக்குவோம். மொழிமாதிரியினுள் எவருடைய பயிற்சிப் பதிவும் இருப்பதில்லை. பதிவுகள் வேறொரு தரவுத்தளத்தில் உள்ளன. முகவருக்குக் கொடுக்கப்படுவது கருவியின் பெயர், அது எதற்குரியது என்ற குறிப்பு, அதற்கு ஊட்டவேண்டிய உள்ளீடுகள் ஆகியன மட்டுமே. பயனர் ஒருவர் வினா எழுப்பியதும், முகவர் அக்குறிப்பைப் படித்து, 'இன்னாருடைய பதிவை இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை தருக' என்ற வேண்டுகோளை எழுதுகிறது. நிரல் அவ்வேண்டுகோளை நிறைவேற்றி விடையை எழுத்துருவில் திருப்பித் தருகிறது. அவ்வெழுத்தைக் கொண்டே முகவர் பயனருக்குப் பதில் வரைகிறது. 2024 நவம்பரில் ஆந்திரொப்பிக் நிறுவனம் வெளியிட்ட மாதிரிச் சூழல் நெறிமுறை இத்தகைய இணைப்புக்கு ஒரு பொது வடிவத்தை வகுத்தது. இந்நிகழ்வு முழுவதிலும், பதிவு எவ்வாறு உண்டாயிற்று என்பதை முகவர் அறிவதற்கு விளக்கக்குறிப்பைத் தவிர வேறு வாயில் இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் ஒரு கட்டம் ஏன் வெறுமையாக உள்ளது எனக் கேட்டால் நினைவிலிருந்து விடை கிடைக்கலாம். கருவியிடம் அவ்வாறு கேட்க இயலாது. எழுதப்படாதது அதற்கு இல்லாததே.

செக்ரோலின் அடிப்படை அலகு 'பேர்' என்பதாகும். விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற்கு வந்து, குறித்த வேலைக்கு அனுப்பப்பட்டு, அதனை நிறைவேற்றியவருக்கு ஒரு பேர் விழும். குறித்த அளவு எட்டாதவிடத்து அரைப்பேர் போடப்படுவதுண்டு. ஓய்வு நாளிலோ, வழக்கமான வேலைக்குப் புறம்பாகவோ கிலோவுக்கு இவ்வளவு எனப் பணம் பெற்றுப் பறிக்கும் கொழுந்து கைக்காசு எனப்படும். அதற்குப் பேர் விழாது. ஆகவே, 'இந்த மாதம் எத்தனை நாள் உழைத்தார்?' என்ற எளிய வினாவுக்கே மூன்று விடைகள் உள்ளன. மலையில் உடல் வருந்திய நாட்கள் ஒரு தொகை. பேர் விழுந்த நாட்கள் மற்றொரு தொகை. அரைகளைக் கூட்டி முழுமையாக்கிய பேர்களின் எண்ணிக்கை வேறொரு தொகை. உடற்பயிற்சிப் பதிவிலும் இதுவே நிலைமை. இடையிற் கைவிடப்பட்ட பயிற்சி ஒன்றாக எண்ணப்படுமா, காலையும் மாலையும் செய்த இரு பயிற்சிகள் ஒன்றா இரண்டா என்பன குறிப்பிற் கூறப்படாவிடின், முகவர் தன் மனம்போன வழியில் எண்ணிவிடும். அவ்வெண்ணிக்கையைத் தயக்கமின்றிக் கூறுவது அதன் இயல்பு.

எடையின் சிக்கல் இதனினும் நுண்ணியது. கொழுந்து நாளொன்றுக்குப் பெரும்பாலும் மூன்று தடவை நிறுக்கப்படும். சாக்கின் எடைக்கும், மழைநாளில் இலையிற் படிந்த நீருக்கும் கழிவு உண்டு. இக்கழிவு குறித்துத் தோட்டங்களில் எழுந்த பிணக்குகள் பலவாம். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். காலையில் 7 கிலோ, நண்பகலில் 6, மாலையில் 6 என ஒருவர் 19 கிலோ நிறுக்கிறார். நிறுவையொன்றுக்கு 1 கிலோவாக மொத்தம் 3 கிலோ கழிக்கப்படுகிறது. தோட்டத்தின் நாளளவு 18 கிலோ எனக் கொள்க. தராசு காட்டிய 19ஐ நோக்கினால் அவர் அளவைத் தாண்டியவர். ஏட்டில் ஏறிய 16ஐ நோக்கினால் அளவை எட்டாதவர். இரண்டும் பொய்யல்ல. 'எடை' என்ற ஒரே தலைப்பின்கீழ் எது பதியப்பட்டது என்பதே வினா. உடற்பயிற்சிக் கூடத்திலும் இதே மயக்கம் நேர்கிறது. பாரந்தூக்கும் போட்டிகளில் ஆடவருக்குரிய தண்டு 20 கிலோவும் பெண்டிருக்குரியது 15 கிலோவும் நிறை கொண்டவை. ஒருவர் தண்டின் நிறையைச் சேர்த்துப் பதிகிறார்; மற்றொருவர் தட்டுகளை மட்டும் பதிகிறார். இருவர் பதிவையும் ஒப்பிடும் முகவர் தவறான விடையையே தரும். அலகும் அவ்வாறே. நம் நாட்டின் பழைய ஏடுகள் இறாத்தலில் உள்ளன. மெட்ரிக் அளவுக்கு மாறிய பின்னையவை கிலோவில் உள்ளன. ஏட்டில் வெறுமனே 40 என்றிருப்பது இறாத்தலாயின் ஏறத்தாழ 18 கிலோ மட்டுமே. அலகு குறிக்கப்படாத நெடுங்காலப் பதிவைத் தேடும் கருவி, பாட்டியைப் பேத்தியினும் இருமடங்கு வலியவளாக்கிவிடும்.

ஊவாவுக்கே உரிய ஒரு செய்தியையும் இங்குச் சொல்லுதல் வேண்டும். யூலை முதல் செப்ரெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. அக்காலத்தில் துளிர்கள் மெதுவாகவே வளர்கின்றன. கொழுந்தின் அளவு குறைகிறது. மணமோ உச்சத்தை அடைகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் தேடித் தந்தது இப்பருவமே. இதன் விளைவு விசித்திரமானது: தேயிலை மிகவுயர்ந்த விலைபோகத்தக்க மாதங்களிலேயே பறிப்பவரின் கிலோக்கணக்கு தாழ்ந்து நிற்கும். செக்ரோலை மட்டும் நோக்கும் ஒரு முகவர், ஏப்ரல், மே மாதங்களோடு ஓகஸ்டை ஒப்பிட்டு, 'இவரது உழைப்புத் திறன் குறைந்து வருகிறது' என உரைக்கக்கூடும். கை தளரவில்லை, செடிதான் துளிர்க்கவில்லை. எனவே எண்ணுக்குப் பக்கத்தில் அந்நாளைக்குரிய நாளளவும், வேலை நிகழ்ந்த மலையின் இலக்கமும் சேர்த்தே திருப்பப்படல் வேண்டும். அவை தரவுத்தளத்தில் இல்லையெனில், 'இவ்வெண்களைக் கொண்டு பருவங்களுக்கிடையே திறனை ஒப்பிடலாகாது' என்ற ஒரு வரியேனும் குறிப்பில் இடம்பெறல் வேண்டும். வெயிலில் ஓடியவரின் வேகத்தைக் குளிர்காலத்து வேகத்தோடு ஒப்பிடும் பயிற்சி முகவருக்கும் அவ்வரி தேவையே.

இனி, வெறுங்கட்டம் பற்றியது. பதிவேட்டில் எழுதப்பட்டதைவிட எழுதப்படாததே தொழிலாளரின் வாழ்வை அதிகம் தீர்மானித்துள்ளது என்பது எனது கருத்து. ஒரு நாளுக்குரிய கட்டம் வெறுமையாயிருப்பதற்குக் காரணங்கள் பல. தொழிலாளி வராமல் இருந்திருக்கலாம். அவர் வந்தும் மழையினால் வேலை நிறுத்தப்பட்டிருக்கலாம். தோட்டம் அன்று வேலையே வழங்காதிருந்திருக்கலாம். பேறுகால விடுப்பு, வேலைநிறுத்தம், வேறு தோட்டத்துக்குக் கைமாற்றாக அனுப்பப்பட்டமை, எழுதுவோரின் மறதி என இன்னும் உள. இவற்றை வேறுபடுத்துவது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கூட்டு ஒப்பந்தங்களே சான்று. 2013ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 620 ரூபாய். இதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். வரவுக்கான ஊக்கக் கொடுப்பனவு 140 ரூபாய். விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபாய். வரவுக் கொடுப்பனவோ, தோட்டம் வழங்கிய வேலைநாட்களில் 75 சதவீதத்துக்கு வந்தவர்க்கே உரியது. தோட்டம் 24 நாள் வேலை வழங்கியிருப்பின் 18 நாள் வந்தவர் அதனைப் பெறுவார். 25 நாள் வழங்கியதாகக் கணக்கு எழுதப்படின் அதே 18 நாள் 72 சதவீதமாகி, கொடுப்பனவு கைநழுவும். தொழிலாளி வந்த நாட்களில் எவ்வித மாற்றமும் இல்லை. மாறியது வகுக்கும் எண் மட்டுமே. 18 பேருக்கு 140 ரூபாய் வீதம் 2,520 ரூபாய் அவ்வோர் எண்ணில் தங்கியிருந்தது. 2016 ஒப்பந்தத்தில் இக்கொடுப்பனவு 60 ரூபாயாகக் குறைந்து, 2019 ஒப்பந்தத்தில் நீக்கப்பட்டது. ஆயினும் படிப்பினை நீங்கவில்லை. 'எத்தனை நாள் வந்தார்' என்று மட்டும் கூறி, 'எத்தனை நாளுக்கு' என்பதைக் கூறாத தேடற்கருவி பாதி விடையையே தருகிறது. உடற்பயிற்சி முகவர் ஒருவரை 'ஒழுங்கற்றவர்' எனக் கடிந்துகொள்ளுமுன், அவர் வாரத்துக்கு எத்தனை நாள் பயில எண்ணியிருந்தார் என்பதை அறிதல் வேண்டும். கைக்கடிகாரத்தின் மின்கலம் இறந்துபோன வாரத்தை ஓய்வெடுத்த வாரமாகக் கொள்ளலாகாது.

வெறுங்கட்டம் ஊதியத்தோடு நின்றுவிட்டதும் இல்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் திருமணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. லயத்து அறையில் வாழ்ந்த ஒருவர் அதனை எவ்வாறு நிறுவுவார்? உறுதிப்பத்திரமோ வரிச்சீட்டோ அவர் பெயரில் இல்லை. தோட்டத்தின் ஏடே அவருக்குக் கிட்டத்தக்க சான்றாயிற்று. உழைப்பைக் கணக்கிட எழுந்த ஏடு வதிவைக் காட்டும் ஏடாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. நிராகரிப்புகளுக்கு அரசியலும் சட்டத்தின் கடுமையும் முதற்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பதிவு பிறிதொரு நோக்கத்துக்காகத் தேடப்படும்போது, அதன் இடைவெளிகள் புதிய பொருளைப் பெற்றுவிடுகின்றன என்பதை இதனினும் துலக்கமாகக் காட்டும் உதாரணம் அரிது. வேலை செய்யாத மாதம் நாட்டில் இல்லாத மாதமாகிவிடலாம். தேடற்கருவியின் குறிப்பில், பதிவு எந்நோக்கத்துக்காகச் சேகரிக்கப்பட்டது, எந்நோக்கத்துக்கு அது சான்றாகாது என்னும் இரண்டும் எழுதப்படல் வேண்டும் என்று கூறுவதற்கு இவ்வரலாறே போதிய காரணம்.

ஆளை அடையாளங் காண்பதும் தேடலின் ஒரு கூறாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புழக்கத்துக்கு வந்த தகரச் சீட்டு முறையில், தமிழகத்திலிருந்து புறப்பட்டவரின் கழுத்தில் ஒரு தகரத் தகடு தொங்கிற்று. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் இருந்தன. இன்றைய தரவுத்தள மொழியில் அதனை ஓர் அடையாளச் சாவி எனலாம். மனிதரைப் பொதிபோல் அனுப்பிய சாவி. பின்னாளில் பெயரால் தேடும் நிலை வந்தபோது வேறு தொல்லை எழுந்தது. லெட்சுமி, இலட்சுமி, லச்சுமி என்பன தமிழ் அறிந்தார்க்கு ஒரே பெயர். ஆங்கில ஏட்டிலும் சிங்களப் பதிவிலும் எழுத்துக்கூட்டப்பட்டு மீண்டபோது அவை மூன்று ஆட்களாயின. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், தேசிய அடையாள அட்டையில் வேறொன்றும், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் பிறிதொன்றுமாக இருந்து, முதுமையில் நிதியைப் பெற அலைந்தோர் தோட்டந்தோறும் உள்ளனர். தொழில்தருநரின் பெயரும் நிலைத்து நிற்கவில்லை. கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகின. 1992 முதல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. ஒருவர் அதே மலையில், அதே நிரையில் பறித்துக்கொண்டிருக்க, அவருக்குமேல் எசமானர்கள் மாறிக்கொண்டிருந்தனர். கம்பனியின் பெயரைக் கொண்டு தேடினால் அவருடைய சேவையின் ஒரு துண்டே அகப்படும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, மாதச் சம்பளம் பெறாத தொழிலாளருக்கு நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் உரியது. 32 ஆண்டுச் சேவைக்கு 448 நாட்சம்பளம்; தேடலில் 28 ஆண்டுகள் மட்டும் அகப்படின் 392. இடையிலுள்ள 56 நாட்சம்பளம் ஏட்டில் தொலைகிறது. முகவர் 'பதிவு 28 ஆண்டுகளுக்கே கிடைத்தது' எனக் கூறுவதற்கும், 'உங்கள் சேவை 28 ஆண்டு' எனக் கூறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இன்று சில பெருந்தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துள்ளது. நிறுவை நேரே கணினிக்குச் செல்கிறது. அத்தகைய பதிவின்மேல் ஒரு தேடற்கருவி அமைக்கப்படின், அதன் குறிப்பு ஏறத்தாழப் பின்வருமாறு அமையலாம் என்பது என் எண்ணம்:

"இக்கருவி ஒரு தொழிலாளியின் நாள்வாரி வேலைப்பதிவைத் திருப்பித் தரும். தொழிலாளியோ அவரது ஒப்புதல் பெற்றவரோ வினவும்போது மட்டும் பயன்படுத்துக. உள்ளீடுகள்: பதிவு இலக்கம், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி. பெயரால் தேடாதே, பெயர் மட்டும் தெரியுமாயின் இலக்கத்தைக் கேட்டறிக. எடை கிலோவில் உள்ளது. கழிவுக்கு முந்திய எடையும் பிந்திய எடையும் தனித்தனியே தரப்படும். பேர் என்பது 1, 0.5, 0 ஆகிய மூன்றில் ஒன்று. கைக்காசு வேலை இதில் அடங்காது. 0 எனின் வேலை வழங்கப்பட்டும் வரவில்லை என்பது பொருள். வேலை வழங்கப்படாத நாளும் விடுப்பு நாளும் அவ்வவ் பெயரால் குறிக்கப்படும். 'பதிவு இல்லை' எனின் என்ன நடந்தது என்பது தெரியாது. அதனை வராத நாளாக எண்ணாதே. ஒரு தடவையில் 62 நாட்களுக்கு மேல் தரப்படாது. மேலும் இருப்பின் விடையின் இறுதியில் அவ்வாறு கூறப்படும். இப்பதிவு வதிவுக்கோ உடல்நலத்துக்கோ சான்றாகாது."

இதில் இறுதியிலிருந்து இரண்டாவதாக உள்ள வரி அற்பமாகத் தோன்றலாம். நடைமுறையில் மிகுந்த தீங்கு விளைவிப்பது அவ்வரி இல்லாமையே. நீண்ட பதிவை முழுமையாகத் திருப்பினால் முகவரின் கவனவெல்லை நிரம்பிவிடும் எனக் கருதி, கருவியை அமைப்போர் அதனை வெட்டித் தருகின்றனர். வெட்டியமை சொல்லப்படாவிடின் முகவர் கையிலுள்ளதையே முழுமையெனக் கொள்ளும். திகதியும் அத்தகையதே. பல செயலிகள் நேரத்தைக் கிறீனிச் நேரத்திற் பதிகின்றன. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. பதுளையில் திங்கட்கிழமை காலை 5 மணிக்கு ஓடியவரின் ஓட்டம் பதிவில் ஞாயிறு இரவு 11.30க்கு நிகழ்ந்ததாக நிற்கும். காலை ஐந்தரை மணிக்கு முன் பயில்பவர் அனைவரும் ஒரு நாள் பின்தள்ளப்படுவர். 'கடந்த மாதம்' என்ற சொல்லும் தெளிவற்றது. தோட்டத்தில் அதனைக் கேட்பவர் பெரும்பாலும் கையிலுள்ள சம்பளச் சீட்டுக்குரிய மாதத்தையே கருதுவார்; சம்பளம் வழங்கப்படுவதோ அடுத்த மாதத்தில்.

எவர் தேடலாம் என்பது எஞ்சுகிறது. பழைய செக்ரோல் தோட்டக் காரியாலயத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் எழுதப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனை வாசிக்க இயலாதவர்கள். தம் உழைப்பைப் பற்றிய பதிவைப் பிறர் வாய்வழியே கேட்டறிந்தனர். உடற்பயிற்சிப் பதிவைத் தானே வைத்துத் தானே பார்க்கும் நகரத்தவரின் நிலை இதற்கு நேர்மாறானது. எனினும் அவருடைய இதயத்துடிப்பும் உறக்கமும் ஒரு காப்புறுதிக் கம்பனியின் முகவருக்குக் கிட்டுமாயின் அவரும் லயத்து நிலைமையையே அடைவார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாகக் கொள்கிறது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்துமாறு கோரவும் ஒருவருக்குள்ள உரிமையையும் அது ஏற்கிறது. திருத்துமாறு கோருதல் என்பது தேடற்கருவியில் ஒரு கட்டமாகவே அமைதல் வேண்டும் என்பேன். மாலையில் மடுவத்தில் நிறுத்த எடையைத் தொழிலாளி தன் மனத்திலும், சிலர் ஒரு சிறு கொப்பியிலும் குறித்து வைத்திருப்பர். அக்கொப்பியின் எண்ணும் ஏட்டின் எண்ணும் முரணும்போது, முகவர் ஏட்டை மட்டும் கூறி நிற்றலாகாது. 'இந்நாளுக்குரிய எடை தொழிலாளியால் மறுக்கப்பட்டுள்ளது. அவர் கூறும் எடை இது' என்ற வாசகமும் அதே விடையில், தமிழிலேயே, வருதல் வேண்டும்.